கம்ப்யூட்டருக்கும் மனப்பாடம் உண்டு!



நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ‘கம்ப்யூட்டரோடு செஸ் ஆடலாம் வாங்க’ என்று ஒரு மேசை போட்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? அன்று காலை பத்தரை மணிக்கு ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் வந்து உட்கார்ந்தான். பதினேழே நகர்வுகள். நம் கம்ப்யூட்டரின் ராஜா பலகையின் நடுவில் மாட்டிக்கொண்டு செத்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் புரோகிராமை எழுதியவர், சென்ற ஆண்டு பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போன ஓர் அக்கா. போகும்போது பென் டிரைவை என் கையில் கொடுத்து, “தம்பி, இனிமே இது உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். கண்காட்சி முடிந்ததும் எல்லோரும், “அக்கா எழுதின புரோகிராம் சுத்த டப்பா” என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். தவறு அக்காவுடையது அல்ல. அந்தப் புரோகிராமுக்கு ‘ஓப்பனிங் புக்’ தயாரித்தது நான். தோற்றது என் புத்தகம்தான். அது எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை. செஸ் தெரியாதவர்களும் படிக்கலாம். கட்டங்களின் பெயரை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், 1 முதல் 8 வரை எண்ணிட்டும் எழுதியிருக்கிறேன்.

ஓப்பனிங் புக் என்றால் என்ன?

செஸ் ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளுக்கு ‘ஓப்பனிங்’ என்று பெயர். இந்த இடத்தில் கம்ப்யூட்டரை யோசிக்க விட்டால் நேரம் வீணாகும், சரியாகவும் வராது. ஏன்?

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு (16 சிப்பாய் நகர்வு, 4 குதிரை நகர்வு). கறுப்புக்கும் பதிலாக 20 வழிகள். ஆக, ஆளுக்கு ஒரு முறை நகர்த்தியதும் 20 × 20 = 400 வழிகள். வெள்ளை இன்னொரு முறை நகர்த்தினால் 8,902. கறுப்பும் இன்னொரு முறை நகர்த்தினால் 1,97,281. அடுத்த ஒன்றுக்கு 48,65,609! எண்ணிக்கை இப்படி ஏறிக்கொண்டே போகும். ஆனால் தொடக்கத்தில் செய்யும் தவறின் பலன் பத்துப் பதினைந்து நகர்வு கழித்துத்தான் தெரியும். அக்காவின் புரோகிராம் நான்கு நகர்வு தூரம்தான் (நமக்கு இரண்டு, எதிராளிக்கு இரண்டு) முன்னால் பார்க்கும். அதற்கு அவ்வளவு தொலைவு தெரியாது.

அதனால் என்ன செய்கிறார்கள்? மனிதர்கள் பல நூறு வருடமாக ஆடித் தெரிந்துகொண்டதை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறார்கள். ‘இந்த நிலை வந்தால் இந்த நகர்வை ஆடு’ என்று வரி வரியாக இருக்கும். புரோகிராம் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கும். பதில் இருந்தால் உடனே ஆடும். இல்லாவிட்டால்தான் யோசிக்கத் தொடங்கும். இந்தக் கோப்புதான் ஓப்பனிங் புக். இனி ‘புக்’ என்றே சொல்கிறேன்.

அதாவது, கம்ப்யூட்டரும் நம்மைப் போலப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறது!

வரிசையா, நிலையா?

நான் முதலில் நினைத்தது, நகர்வுகளை ஆடிய வரிசையிலேயே எழுதி வைத்தால் போதும் என்று. அது சரிப்படாது. ஒரு சின்ன உதாரணம்:

முதல் வழி: வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6, வெள்ளை சி4.
இரண்டாம் வழி: வெள்ளை சி4, கறுப்பு குதிரை எஃப்6, வெள்ளை டி4.

வரிசை வேறு, ஆனால் பலகையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாக வந்தாலும் கோயில் தெரு வழியாக வந்தாலும் பள்ளிக்கூடம் ஒன்றுதானே! அதனால் வந்த வழியை விட்டுவிட்டு, வந்து சேர்ந்த நிலையைத்தான் புக்கில் பதிவு செய்ய வேண்டும்.

சரி, ஒரு முழுப் பலகையை எப்படிச் சுருக்கமாக எழுதுவது? இதற்கு ஆல்பர்ட் ஜோப்ரிஸ்ட் என்பவர் 1970-இல் ஓர் அருமையான வழியைச் சொன்னார். நிலை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் அந்த வழி.

காய்களில் 6 வகை. வெள்ளை, கறுப்பு இரண்டும் சேர்த்து 12. கட்டங்கள் 64. ஆக, ‘இந்தக் காய் இந்தக் கட்டத்தில்’ என்பதற்கு 12 × 64 = 768 பெரிய எண்களைக் குலுக்கல் போல எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கோட்டை கட்டும் உரிமைகளுக்கு 4. சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டும் ‘ஆன் பாசான்’ விதிக்கு 8. யார் முறை என்பதற்கு 1. மொத்தம் 781 எண்கள். ஃபேபியன் லெடூசே என்பவர் உருவாக்கிய ‘பாலிகிளாட்’ என்ற புக் முறையில் இந்தக் கணக்குதான். நாங்களும் அதையே பயன்படுத்தினோம்.

பலகையில் இருக்கும் காய்களுக்குரிய எண்களை மட்டும் எடுத்து ‘எக்ஸ்-ஆர்’ என்ற முறையில் சேர்த்தால் அந்த நிலையின் எண் கிடைக்கும். எக்ஸ்-ஆர் புரியவில்லை என்றால் மாடிப்படி லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அழுத்தினால் எரியும், இன்னொரு முறை அழுத்தினால் அணையும். அதே போல ஓர் எண்ணை ஒரு முறை சேர்த்தால் உள்ளே வரும். மறுபடி சேர்த்தால் வெளியே போய்விடும். குதிரை ஜி1-இலிருந்து எஃப்3-க்குப் போனால் ‘குதிரை ஜி1’ ஸ்விட்ச் ஆஃப், ‘குதிரை எஃப்3’ ஸ்விட்ச் ஆன், ‘யார் முறை’ ஸ்விட்ச் மாற்றம். மூன்றே அழுத்தல். முழுப் பலகையையும் மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை. அழகாக இல்லை?

உங்களுக்குத் தெரியுமா?
இந்த நிலை எண் 64 பிட் நீளம் கொண்டது. 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 1,84,46,74,40,73,70,95,51,615. செஸ் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகச் சொன்ன புலவரின் கதை தெரியும் அல்லவா? 64 கட்டத்துக்கும் ராஜா கொடுக்க வேண்டிய நெல்மணிகளின் மொத்தமும் சரியாக இதே எண்தான்!

ஒரு வரியில் என்ன இருக்கும்?

பாலிகிளாட் புக்கில் ஒவ்வொரு வரிக்கும் 16 பைட். நிலை எண்ணுக்கு 8, நகர்வுக்கு 2, ‘எடை’ என்று ஒன்றுக்கு 2, மீதி 4 கற்றல் குறிப்புக்கு. எடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில்தான் நான் விழுந்தேன்.

ஒரு லட்சம் வரிகள் இருந்தாலும் 16 லட்சம் பைட்தான். நம் லேப் அலமாரியில் பழைய ஃபிளாப்பிகள் கிடக்கின்றனவே, அதில் ஒன்றில் 92,160 வரிகள் பிடிக்கும் (14,74,560 ÷ 16).

இவ்வளவு வரிகளில் தேடுவது தாமதம் ஆகாதா? ஆகாது. வரிகள் எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அகராதியில் சொல் தேடுவது போல முதலில் நடுப்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நாம் தேடுவது அதற்கு முன்பா பின்பா என்று தெரிந்ததும் பாதியை விட்டுவிடலாம். மறுபடி மீதியில் பாதி. இப்படிப் போனால் ஒரு லட்சம் வரிகளிலும் 17 முறை பார்த்தாலே போதும்.

நான் செய்தது என்ன?

நம் பள்ளிச் செஸ் மன்றத்தில் மூன்று வருட ஸ்கோர் ஷீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. மொத்தம் 212 ஆட்டங்கள். பி.டி. சாரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஆளுக்கு முதல் 12 நகர்வுகளை டைப் செய்தேன். காலாண்டு விடுமுறை முழுக்க இதே வேலை. அம்மா, “கண்ணு கெட்டுப் போயிடும்டா” என்று திட்டத் திட்டச் செய்தேன். பிறகு ஒரு புரோகிராம் அத்தனையையும் எண்ணி எடை போட்டது.

எடை போடும் விதி எளிது. ஒரு நிலையில் ஒரு நகர்வை ஆடியவர் கடைசியில் ஜெயித்திருந்தால் 2. டிரா என்றால் 1. தோற்றால் 0. எல்லா ஆட்டத்தையும் கூட்டினால் வருவது எடை. ஆடும்போது கம்ப்யூட்டர் எடைக்கு ஏற்றபடி குலுக்கல் சீட்டுப் போடும். எடை 14 என்றால் 14 சீட்டு, எடை 1 என்றால் ஒரே சீட்டு.

முடிவில் 3,140 வரிகள் வந்தன. எனக்கு ஒரே பெருமை! ‘மூவாயிரம் வரி எழுதிவிட்டேன்’ என்று எல்லோரிடமும் சொன்னேன். 212 ஆட்டத்தையும் டைப் செய்தேன் தவிர, ஒன்றைக்கூடப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கவில்லை. இதுதான் உண்மை.

எங்கே தவறியது?

கண்காட்சியில் தம்பி வெள்ளை, கம்ப்யூட்டர் கறுப்பு. ஆட்டம் இப்படிப் போனது:

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. மந்திரி சி4 – குதிரை எஃப்6
4. குதிரை ஜி5 – டி5
5. சிப்பாய் டி5-ஐ வெட்டியது – குதிரை அந்தச் சிப்பாயை டி5-இல் வெட்டியது
6. குதிரை எஃப்7-இல் பாய்ந்து வெட்டியது!

வெள்ளை தன் குதிரையையே பலி கொடுக்கிறது. ராஜா அதை வெட்ட வேண்டும். உடனே ராணி எஃப்3-க்கு வந்து செக். டி5-இல் இருக்கும் குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, அதாவது நட்ட நடு ரோட்டுக்கு, வந்து நிற்க வேண்டும். அடுத்து வெள்ளையின் இன்னொரு குதிரை சி3-க்கு வந்து டி5-ஐ மூன்றாவது ஆளாகத் தாக்கும். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபிரைடு லிவர்’, அதாவது வறுத்த ஈரல், என்று பெயர்! சுமார் 400 வருடமாக மனிதர்களுக்குத் தெரிந்த தாக்குதல் இது. கறுப்பால் போராடவே முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் ரொம்பக் கஷ்டம்.

கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதல் ஐந்து பதிலுக்கும் நேராக ‘புக்’ என்று இருந்தது. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஆறாவதில் இருந்துதான் அக்காவின் பகுதி வேலை செய்தது. அது என்ன கணக்குப் போட்டது தெரியுமா? ‘குதிரைக்கு 3, சிப்பாய்க்கு 1, எனக்கு 2 புள்ளி லாபம்’ என்று! நான்கு நகர்வு மட்டும் பார்க்கிற அதற்கு, தன் ராஜா தெருவில் நிற்பதன் ஆபத்து தெரியவில்லை.

பிறகு புக்கில் அந்த ஐந்தாவது நகர்வின் வரிகளைத் தேடினேன்.

குதிரையால் டி5-ஐ வெட்டுதல்: 11 ஆட்டம். கறுப்புக்கு 6 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. எடை 14.
குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்குதல்: 2 ஆட்டம். 1 டிரா, 1 தோல்வி. எடை 1.

சரியான பதில் எது தெரியுமா? இரண்டாவது, குதிரை ஏ5! ஒரு சிப்பாய் போனாலும் கறுப்பின் காய்கள் வேகமாக வெளியே வரும். பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் ஆடுகிறார்கள். ஆனால் என் குலுக்கலில் தவறான நகர்வுக்கு 14 சீட்டு, சரியான நகர்வுக்கு ஒரே சீட்டு.

அது ஏன் அப்படி ஆனது? ஸ்கோர் ஷீட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த 11 ஆட்டத்தில் வெள்ளை ஆடியவர்கள் குதிரையைப் பலி கொடுத்தது இரண்டே ஆட்டத்தில்தான். இரண்டிலும் கறுப்பு தோற்றிருந்தது. மற்ற ஒன்பது பேருக்கு அந்தத் தாக்குதல் தெரியவே தெரியாது! அவர்கள் தோற்றதெல்லாம் பிறகு ராணியைச் சும்மா கொடுத்தது போன்ற வேறு காரணங்களால். கறுப்பு ஜெயித்தது உண்மை, ஆனால் அந்த நகர்வால் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர் செய்ததெல்லாம் சரி என்று என் புக் எண்ணிக்கொண்டது.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். பலி கொடுத்த அந்த இரண்டு ஆட்டத்திலும் கறுப்பு தோற்றதால், அதற்குப் பிறகு வரும் நகர்வுகளின் எடை 0. எடை 0 என்றால் புக்கில் வரியே இருக்காது. ஆக, என் புக் கம்ப்யூட்டரைக் கையைப் பிடித்துப் பள்ளம் வரை கூட்டிப்போய், விளிம்பில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

எப்படித் திருத்தினோம்?

கணினி ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர், “சரி, இப்ப என்ன பண்ணலாம்னு யோசிச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார்.

“மூணு ஆட்டத்துக்குக் குறைவா வந்த நகர்வை எல்லாம் எடுத்துடலாம் சார். நிறையப் பேர் ஆடினது மட்டும் இருக்கட்டும்” என்றேன். இப்படி வடிகட்டுவது புக் தயாரிப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். சார் சிரித்தார். “அந்த ஏ5 எத்தனை ஆட்டத்துல வந்திருக்கு?” என்றார். இரண்டு! என் வடிகட்டியில் சரியான நகர்வு விழுந்துபோய், தவறான நகர்வு மட்டும் தங்கியிருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணிக்கை எத்தனை பேர் ஆடினார்கள் என்றுதான் சொல்லும். சரியா தவறா என்று சொல்லாது.

பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இவை:

1. நம் பக்கத்துக்கு ஒன்று, எதிர்ப் பக்கத்துக்குப் பல. நாம் ஆட வேண்டிய இடத்தில் ஒரு நல்ல நகர்வு போதும். எதிராளி ஆடக்கூடியதில் முக்கியமானது எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். கணக்கு பாருங்கள்: எதிராளிக்கு மூன்று வழி, நமக்கும் மூன்று வழி என்று ஐந்து சுற்று எழுதினால் 9-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 59,049 முடிவுகள். நமக்கு ஒரே வழி என்றால் 3-ஐ ஐந்து முறை பெருக்கினால் போதும், 243. இவ்வளவை மனிதக் கண்ணால் பார்த்துவிடலாம்!

2. வெள்ளைக்கு ஒரு புக், கறுப்புக்கு ஒரு புக். இரண்டையும் குழப்பக் கூடாது.

3. ஒவ்வொரு வரியையும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவசப் புரோகிராமிடம் ஒவ்வொரு நிலையையும் கொடுத்து, மதிய இடைவேளை முழுக்க யோசிக்க விட்டோம். அது சொன்னதையும் பலகையில் வைத்து, ‘ஏன்?’ என்று புரிந்த பிறகே எழுதினோம்.

4. புக் முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இது மிக முக்கியம்! கடைசி வரிக்குப் பிறகு கம்ப்யூட்டர் தனியாக ஆட வேண்டும். அந்த இடம் அதற்குப் புரிகிற இடமாக இருக்க வேண்டும். குதிரை ஏ5 நல்ல நகர்வுதான். ஆனால் அதன் பிறகு வரும் சிக்கல் நான்கு நகர்வு மட்டும் பார்க்கும் புரோகிராமுக்கு அதிகம். அதனால் மூன்றாவது நகர்விலேயே வழியை மாற்றினோம். குதிரை எஃப்6-க்குப் பதில் மந்திரி சி5. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்தால்? கறுப்பு ராணி டி8-இலிருந்து நேராக வந்து அதைச் சும்மா வெட்டிவிடும்! முன்பு எஃப்6-இல் நம் குதிரையே ராணியின் வழியை மறைத்துக்கொண்டிருந்தது.

(செய்து பாருங்கள்: பலகையை எடுத்து இரண்டு வழியையும் வைத்துப் பாருங்கள். டி8 – இ7 – எஃப்6 – ஜி5 என்ற சாய்கோட்டைக் கவனியுங்கள்.)

3,140 வரியில் மிஞ்சியது 318. புக் இளைத்துவிட்டது, ஆனால் உடம்பு தேறிவிட்டது!

உலகையே அசைத்த ஒரு புக் நகர்வு

இது நம் பள்ளிக் கதை மட்டும் அல்ல. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவை 3½ – 2½ என்ற கணக்கில் வென்றது. மே 11 அன்று நடந்த ஆறாவது ஆட்டம் 19 நகர்வில் முடிந்தது. அதில் டீப் புளூவின் 8-ஆவது நகர்வு, குதிரையை இ6-இல் பலி கொடுத்தது. உலகமே ஆச்சரியப்பட்டது.

ஆனால் அந்த நகர்வைக் கம்ப்யூட்டர் யோசித்து ஆடவில்லை. அது புக்கில் இருந்தது! டீப் புளூவின் புக்கைக் கையால் எழுதியவர் முக்கியமாக ஜோயல் பெஞ்சமின் என்ற கிராண்ட் மாஸ்டர். நிக் டி ஃபிர்மியன், ஜான் ஃபெடரோவிச், மிகேல் இயெஸ்காஸ் ஆகிய கிராண்ட் மாஸ்டர்கள் உதவினார்கள். அந்தப் பதிலை அன்று காலையில்தான் புக்கில் சேர்த்தோம் என்று இயெஸ்காஸ் 2009-இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

அந்தப் புக்கில் எத்தனை நிலைகள் இருந்தன தெரியுமா? சுமார் 4,000தான்! ஒவ்வொரு நிலையையும் டீப் புளூவே இரவெல்லாம் ஓடிச் சோதித்திருக்கிறது. அது தவிர, 7 லட்சம் ஆட்டங்களில் இருந்து எண்ணி எடுத்த விவரமும் அதனிடம் இருந்தது. ஆனால் அதைப் பெரும்பாலும் யோசிக்கும்போது ஒரு துணையாகத்தான் பயன்படுத்தினார்கள். எண்ணிக்கையை எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தேன்.

மனிதர்களும் இப்படித்தான் தயாராகிறார்கள். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் நம் விஸ்வநாதன் ஆனந்த், கிராம்னிக்கோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போன ஒரே ஓப்பனிங்கில், கறுப்புக் காயோடு மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்கள் இரண்டையும் ஜெயித்தார். மனப்பாடம் மட்டும் இருந்தால் அது நடக்குமா? அந்த நிலைகள் முழுக்கப் புரிந்திருந்ததால்தான் புக் முடிந்த பிறகும் அவரால் ஆட முடிந்தது.

இன்று?

இன்று ஸ்டாக்ஃபிஷ் போன்ற பெரிய புரோகிராம்கள் தங்களோடு புக்கே கொண்டு வருவதில்லை. தாங்களே யோசித்து நன்றாகத் தொடங்குகின்றன. ஆனாலும் புக்குக்கு வேலை போகவில்லை, வேலை மாறியிருக்கிறது. சமபலமுள்ள இரண்டு பெரிய புரோகிராம்களைத் தொடக்கத்திலிருந்து ஆட விட்டால் பெரும்பாலும் டிராதான் வரும். அதனால் போட்டி நடத்துபவர்கள் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிலைகளைப் பொறுக்கி எடுத்துப் புக்காகத் தருகிறார்கள். நியாயம் இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை, பக்கம் மாற்றி ஆட வைக்கிறார்கள்.

ஒரு மகிழ்ச்சியான செய்தி: ஜான் டார்ட் என்ற அமெரிக்கர் எழுதிய செஸ் புரோகிராமின் பெயர் ‘அரசன்’. ஆமாம், நம் தமிழ்ச் சொல்லேதான்!

மறு ஆட்டம்

போன வெள்ளிக்கிழமை மதியம் அதே தம்பியை லேபுக்குக் கூப்பிட்டோம். அவன் வெள்ளை. மூன்றாவது நகர்வில் கம்ப்யூட்டர் மந்திரியை சி5-க்குக் கொண்டு வந்ததும் தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். “அண்ணா, மாத்திட்டீங்களா?” என்றான். புக் எட்டாவது நகர்வில் முடிந்தது. ராஜா கோட்டைக்குள் பத்திரமாக இருந்தது. இரண்டு பக்கமும் சம நிலை.

கடைசியில் யார் ஜெயித்தது என்று கேட்கிறீர்களா? தம்பிதான்! ஆனால் 46 நகர்வு ஆனது. யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில், தூரமாக ஓடி ராணியாகப் போகும் சிப்பாயைக் கம்ப்யூட்டரால் பார்க்க முடியவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்தும் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

அன்று மாலை அக்காவுக்கு போன் செய்தேன். கண்காட்சியில் நடந்ததையும், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, “இந்தத் தடவை எந்த நகர்வுல தோத்துச்சு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ இது என் பகுதிடா தம்பி. லீவுக்கு வர்றேன், சேர்ந்து திருத்தலாம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோழர்களே, நான் மனப்பாடத்தைக் குறை சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாகத்தான் இருக்க வேண்டும். புக் இல்லாவிட்டால் சின்னப் புரோகிராம் முதல் ஐந்து நகர்விலேயே திணறும். ஆனால் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். ‘நிறையப் பேர் எழுதினார்கள், மார்க் வாங்கினார்கள், அதனால் இது சரி’ என்று நான் டைப் செய்தேன். கேள்வித்தாளில் கேள்வி கொஞ்சம் மாறி வந்தால் நமக்கு என்ன ஆகுமோ, அதுதான் அன்று அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆனது. புக் எங்கே முடிகிறதோ அங்கேதான் உண்மையான ஆட்டம் தொடங்குகிறது.

உங்களுக்கு ஒரு கேள்வி: எதிராளியின் 4 பதில்களுக்கு, நம் பக்கம் ஒரே நகர்வு என்ற முறையில் 6 சுற்று எழுதினால் எத்தனை முடிவுகள் வரும்? (குறிப்பு: விடைக்கு மிக அருகில் உள்ள ஓர் எண் இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது!) விடையைத் தாளில் எழுதி நூலகத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். சரியாகச் சொல்பவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.

புக்கில் இன்னும் தவறு இருக்கலாம். கண்டுபிடித்தால் தயங்காமல் லேபுக்கு வந்து சொல்லுங்கள். இந்த முறை வாயைத் திறப்பேன்!



– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன், கணினி மன்றம்